வளைவில் ஆடுகிற வண்டி

“வண்டி ஆடுது மாஸ்டர்,” என்றாள் தவமணி.

“எங்க ஆடுது?”

“வளைவுல.”

“நேர் ரோட்டுல?”

“நேரா போறப்ப ஒன்னும் பண்ணல. சமர்த்தா போவுது. வளைச்சா போதும், பின்னாடி யாரோ புடிச்சு ஆட்டுற மாதிரி இருக்கு.”

“ஆடுறது வண்டியா, நீங்களா?”

தவமணி யோசித்தாள்.

“தெரியல மாஸ்டர்.”

“நிறுத்துங்க. பார்ப்போம்.”

*

மாஸ்டர் பேர் எட்வின். ஏற்காட்டு மலையில் சைக்கிள் பழக்குகிறவர். முப்பது வயசு இருக்கும். வாய் கம்மி. இருக்கிற வாயிலும் பாதி கோபம்.

அவரிடம் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரமே காணாமல் போய்விடுவார்கள். மீதிப் பேர் அடித்து விரட்டினாலும் போக மாட்டார்கள். அது என்ன மாயமோ, எனக்குத் தெரியாது.

தவமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போஸ்ட் ஆபீஸில் வேலை. கணவர் போய்ப் பல வருஷம். குருவைவிட சிஷ்யைக்கு இருபது வயசு அதிகம்.

அவள் சுடிதார் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டோடு தெருவில் இறங்கிய அன்றைக்கு ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். சிரிக்கிறதற்கு என்ன, வாய் இருந்தால் போதும்.

வண்டி அவளுடையது இல்லை. மகள் சுகிர்தாவுடையது. சுகிர்தா மாஸ்டரிடம் பழகியவள். ‘சுகி, மெதுவா’ என்று அவர் கத்துவதும், அவள் காதில் வாங்காமல் காப்பித் தோட்டத்துக்குள் பாய்வதும் ஊருக்கே தெரியும்.

போன மழைக்காலத்தில் டெங்கு வந்தது. சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸில் படுத்துப் போன பிள்ளை ஆம்புலன்ஸில் படுத்தே திரும்பி வந்தது. இருபத்திரண்டு வயசு. அதெல்லாம் ஒரு வயசா?

தவமணி அழவில்லை.

எடுத்துக்கொண்டு போகும்போதும் அழவில்லை. காரியத்தன்றைக்கும் அழவில்லை. பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். “அழுதுடு தவமணி, உள்ளயே வச்சுக்காத,” என்றார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல் நெஞ்சுக்காரி என்று பேர் வைத்துவிட்டுப் போனார்கள்.

சில மாசம் கழித்து, மகளின் வண்டியை உருட்டிக்கொண்டு மாஸ்டர் முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கு இத ஓட்டக் கத்துக்குடுங்க.”

மாஸ்டர் வண்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எதுக்கு?”

“ஓடைப் பாதையில எறங்கணும்.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

*

ஓடைப் பாதை என்பது காப்பித் தோட்டத்தின் நடுவே இறங்கும் மண் பாதை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு. முழுசாக இறங்கினால் அடியில் ஒரு ஓடை.

சுகிர்தா ஞாயிறு தவறாமல் அதில் இறங்குவாள். முட்டியில் சேறோடு வீட்டுக்கு வந்து, “உன்னக் கூட்டிட்டுப் போறேன்மா, தண்ணி அப்படிக் கண்ணாடியா இருக்கும்,” என்பாள். அம்மா, “எனக்கு வேற வேல இல்ல பாரு,” என்பாள்.

இந்தச் சங்கதி பழக வருகிற எல்லோருக்கும் தெரியும். குழந்தைவேலு ஒருநாள் கேட்டே விட்டார். அவர் ஈ.பி. ஆபீஸ்காரர். தொப்பையைக் குறைக்க வந்து, தொப்பையோடே ஓட்டப் பழகிக்கொண்டவர். நல்ல மனுஷன்தான். நாக்குதான் முந்திக்கொள்ளும்.

“ஏங்கக்கா, ஓடையப் பாக்கணும்னா நடந்தே எறங்கிப் பாத்துட்டு வந்துடலாமே?”

“அவ நடந்து போகலையே,” என்றாள் தவமணி.

குழந்தைவேலு அதோடு வாயை மூடிக்கொண்டார்.

*

“வர்ற ஞாயித்துக்கிழமை வருஷம் திரும்புது மாஸ்டர்,” என்றாள் தவமணி. “அன்னைக்கு எறங்கிடணும். அதுக்குள்ள இந்த ஆட்டத்த நிறுத்திக் குடுங்க.”

மாஸ்டர் வண்டியருகே குந்தினார்.

எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் செய்வது ஒன்றுதான். கட்டைவிரலை வைத்து டயரை அமுக்குவார். புது வண்டியோ பழைய வண்டியோ, மற்றதெல்லாம் அப்புறம்.

அன்றைக்கும் விரல் டயர் பக்கம் போனது.

தவமணியின் கை குறுக்கே வந்தது. அதட்டவில்லை, தட்டிவிடவில்லை. காற்று அடிக்கிற இடத்தில் இருக்கிற அந்தச் சின்ன மூடியின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

பிறகு மற்றதையெல்லாம் பார்த்தார்.

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினார். ஹேண்டில்பாரின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.

“இங்க ஆட்டம் இல்ல.”

சக்கரத்தை மேலே பிடித்து இடமும் வலமும் தள்ளினார்.

“உள்ள பால்ரஸ் குண்டெல்லாம் நல்லா இருக்கு.”

கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தன. சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ரிம் நேராக ஓடியது.

“கோட்டம் இல்ல.”

அச்சை முடுக்கிப் பார்த்தார். சீட்டை அசைத்தார். பிரேமில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார்.

“எப்பலேர்ந்து ஆடுது?”

“ஆரம்பத்துல ஆடல. ரெண்டு மாசமாத்தான். வரவர ஜாஸ்தியாவுது.”

“ம்.”

“என்ன மாஸ்டர் கோளாறு?”

மாஸ்டர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்களுக்குத் தெரியாதா?”

தவமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

*

எல்லாம் அதோடு நாசூக்காக முடிந்திருக்கும். குழந்தைவேலுவின் நாக்கு விட்டால்தானே?

“இதுக்கா இவ்வளவு ஆராய்ச்சி?” என்று தன் வண்டியை விட்டுவிட்டு வந்தார். “டயரப் பாருங்க மாஸ்டர், சப்பையா உக்காந்திருக்கு. காத்தே இல்ல. காத்து இல்லாத டயரு வளைவுல நெளியாம என்ன பண்ணும்? பாத்தாலே தெரியுதே! நகருங்கக்கா, நான் அடிச்சு விடுறேன்.”

பம்ப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

“தொடாத!”

போஸ்ட் ஆபீஸில் யாரிடமும் குரல் உயர்த்தாத பொம்பளை. பக்கத்து மரத்துக் காக்கா பறந்துவிட்டது.

குழந்தைவேலு பம்ப்போடு பின்வாங்கினார்.

“அக்கா, நான் என்ன...”

“தொடாதன்னு சொன்னேன்ல!”

டயரின்மேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுடிதாரெல்லாம் மண்.

மாஸ்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். குழந்தைவேலு பம்ப்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.



“அவ அடிச்ச காத்து மாஸ்டர்,” என்றாள் தவமணி.

டயரைத் தடவிக் கொடுத்தாள்.

“காய்ச்சலோடவே அடிச்சா. ஒடம்பு அனலாக் கொதிக்குது, வாசல்ல உக்காந்து பம்ப் அடிக்கிறா. ஏன்டி இப்ப இதுன்னு திட்டினேன். ‘ஞாயித்துக்கிழமைக்குள்ள காய்ச்சல் விட்டுடும்மா, காத்து கரெக்டா அடிச்சு வச்சிருக்கேன், நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க’ன்னா. அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி.”

மூச்சு வாங்கினாள்.

“அவ துணியெல்லாம் தொவைச்சுக் குடுத்துட்டாங்க. தலகாணி உறைகூட விடல. அவ வாசம்னு ஒன்னும் மிச்சம் இல்ல. இது ஒன்னுதான் அவ கையால உள்ள போனது. அப்படியே இருக்கு. இத எறக்கிட்டு வேற காத்து அடிக்கச் சொல்றீங்களா?”

“நான் சொல்லலியேம்மா.”

“இப்படியே எறங்கிடறேன் மாஸ்டர்.”

“முடியாது.”

“மெதுவாப் போறேன்.”

“மெதுவாப் போனாலும் வளைவு வளைவுதான். டயர் ரிம்ம விட்டுக் கழண்டுக்கும். பக்கத்துல பள்ளம்.”

“விழுந்தா விழுறேன்.”

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

“விழுறதுக்கு என்கிட்ட எதுக்குக் கத்துக்க வந்தீங்க? அதுக்கு மாஸ்டர் தேவையில்லையே. யார் வேணா விழலாம்!”

தவமணி நடுங்கிப் போனாள். அவரும்தான் நடுங்கினார். அந்த வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு போன தோள் அது.

*

கோபம் இறங்கினதும் மாஸ்டர் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

“அந்த மூடியக் கழட்டுங்க. மூடிய மட்டும்தான். காத்து போகாது.”

தவமணி சந்தேகமாகப் பார்த்தாள்.

“நீங்களே கழட்டுங்க. நான் தொடல.”

கழற்றினாள். உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

“விரல்ல எச்சில் தொட்டு, காத்து அடிக்கிற அந்த வாய்ல வைங்க.”

சைக்கிள் கடைக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். காற்று அடித்து முடித்ததும், கசிகிறதா என்று எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பார்கள்.

தவமணி விரலை நாக்கில் தொட்டு வைத்தாள்.

“இப்ப பாத்துட்டே இருங்க.”

பார்த்தாள். முதலில் ஒன்றும் இல்லை. எச்சில் மினுங்கியது, அவ்வளவுதான். நிமிரப் போனாள். மாஸ்டர் ‘இருங்க’ என்று கையால் காட்டினார்.

எச்சில் லேசாக மேலே எழும்பியது. கடுகு அளவு. கொஞ்ச நேரத்தில் மிளகு அளவு. சின்னதாக ஒரு குமிழி. வெயில் பட்டு அதில் வர்ணம் ஓடியது.

தவமணி மூச்சு விடவில்லை.

“அதுக்குள்ள இருக்கிறது...”

“ஆமா.”

குமிழி உடைந்தது.

அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓட்டை இருக்கா மாஸ்டர்?”

“ஓட்டை இல்ல. வாய் வழியாக் கொஞ்சங்கொஞ்சமாக் கசியும். எல்லா வண்டியும் இப்படித்தான்.”

“நான் யாரையும் தொட விடலியே.”

“ஆமா.”

“மூடியக்கூடக் கழட்டலியே.”

“ஆமாம்மா.”

“அப்ப தினமும்... நான் தூங்கறப்ப, ஆபீசு போறப்ப எல்லாம்...”

“போயிட்டுத்தான் இருந்துச்சு.”

தவமணி எழுந்தாள். மூடியைத் திருகிப் போட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குழந்தைவேலு மெல்லக் கிட்டே வந்தார்.

“மாஸ்டர், அத ஏன் காட்டினீங்க? பாவம்ல?”

மாஸ்டர் கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கறுப்பு.

“நீ வீட்டுக்குப் போ.”

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாஸ்டர் ஓடைப் பாதையின் தலைப்பில் போய் நின்றார். குழந்தைவேலுவும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மனசு கேட்கவில்லை, வந்துவிட்டார்.

தவமணி பனிக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கேரியர் இல்லாத வண்டி. தோளில் ஒரு பை. பையிலிருந்து ஒரு கைப் பம்ப்பை எடுத்தாள்.

பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. சுகிர்தா சுற்றியது.

“இதையும் தொடாமத்தான் வச்சிருந்தேன்,” என்றாள்.

மாஸ்டர் தலையாட்டினார்.

“அவ காத்த எறக்கணுமா மாஸ்டர்?”

“எறக்க வேண்டாம். மேல அடிச்சா போதும்.”

“பழசு?”

“உள்ளதான் இருக்கும்.”

“கலந்துடுமே.”

“கலந்துடும்.”

“அப்புறம் எது அவ அடிச்சது, எது நான் அடிச்சதுன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“பிரிச்சுப் பாக்க முடியாதா?”

“முடியாது.”

தவமணி முகம் கோணியது. பம்ப்பை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். காப்பிச் செடிகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில், அதையே திரும்பக் கேட்டாள்.

“பிரிக்கவே முடியாதா மாஸ்டர்?”

“முடியாதும்மா.”

“யாராலயும்?”

“யாராலயும்.”

குந்தி உட்கார்ந்தாள். மூடியைக் கழற்றினாள்.

“மாட்டும்போது கொஞ்சம் போகும்,” என்றார் மாஸ்டர். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் அப்படி விடுகிற ஆள் இல்லை.

“எவ்வளவு?”

“கொஞ்சம்.”

பம்ப்பை டியூப்பின் வாயில் வைத்தாள். கன்னத்தைக் கிட்டே கொண்டு போனாள். அழுத்தினாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். அவள் கன்னத்தோர மயிர் அசைந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள்.

“ரப்பர் வாசம்தான் வருது,” என்றாள்.

குழந்தைவேலு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் அடிக்க ஆரம்பித்தாள். சிவப்பு டேப்பைப் பிடித்து இழுத்து, அழுத்தி, இழுத்து, அழுத்தி. முதல் டயர். பிறகு அடுத்தது. அங்கேயும் ஒரு புஸ். இந்தத் தடவை கன்னத்தைக் கொண்டு போகவில்லை. நெற்றியில் வேர்வை வந்துவிட்டது. குழந்தைவேலுவுக்குக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, நகரவில்லை.

“போதுமா மாஸ்டர்?”

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கையை விலக்கிக்கொண்டாள்.

கட்டைவிரலை வைத்து டயரை அமுக்கினார். எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தார்.

“இன்னும் கொஞ்சம்.”

அடித்தாள்.

திரும்ப அமுக்கினார்.

“போதும். இவ்வளவுதான் அவ வைப்பா.”

தவமணி பம்ப்பைப் பைக்குள் வைத்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். வாரை இறுக்கினாள்.

“எங்க பாக்கணும்?” என்று கேட்டார் மாஸ்டர்.

“வளைவு முடியற எடத்த.”

“பள்ளத்த?”

“பாக்கக் கூடாது.”

“போங்க.”

*

அவள் இறங்கினாள். இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, முட்டியைத் தளர்த்தி, சொல்லிக் கொடுத்த மாதிரியே இறங்கினாள். முதல் வளைவில் வண்டி சாய்ந்தது. சாய்ந்து, திரும்பி, பனிக்குள் போய்விட்டது.

இரண்டு பேரும் மேலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரளைக் கல்லில் டயர் ஓடுகிற சத்தம்.

இரண்டாவது வளைவு தாண்டியிருப்பாள். அப்போது வந்தது இன்னொரு சத்தம்.

முதலில் ஏதோ பறவை என்று நினைத்தார் குழந்தைவேலு. அப்புறம் புரிந்தது. பெத்த வயிற்றிலிருந்து வருகிற சத்தம். வாய்விட்டு, பேர் சொல்லி, “சுகீ... என் சுகீ...” என்று ஒரு வருஷத்து அழுகை மொத்தமும் காப்பித் தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

டயர்ச் சத்தம் நிற்கவில்லை.

“மாஸ்டர், அக்கா அழுவுறாங்க!”

“ம்.”

“கண்ணுல தண்ணியோட எப்படி ஓட்டுவாங்க? பின்னாடியே போலாம் மாஸ்டர், வாங்க! விழுந்துடப் போறாங்க!”

மாஸ்டர் நகரவில்லை.

“விழ மாட்டாங்க,” என்றார். “காத்து இருக்கு.”